நீல மூடி

கிருஷ்ணகிரி ரவுண்டானாவுக்குப் பக்கத்தில்
மாடிப்படிக்கு அடியில் இருக்கிறது லேப்.
ஷம்ஷாத் என் முழங்கையைத் திருப்பிப் பார்த்து
"போன தடவை இடதா வலதா?" என்கிறாள்.
இடது.
ரப்பர் பட்டையை வலதில் கட்டுகிறாள்.

நீல மூடிக் குழாயில் கோடு வரைக்கும் ரத்தம் வேண்டும்.
குறைந்தாலும் கணக்குத் தப்பும், கூடினாலும் தப்பும்.
ராயக்கோட்டை மண்டியில்
தக்காளிப் பெட்டிகளுக்கு எதிரே நின்று
நான் தினம் சொல்வதும் இதுதான்.

ஒருமுறை வந்த முடிவை நம்ப மாட்டார்களாம்.
காய்ச்சலுக்குக்கூட இந்த ஆன்டிபாடி வந்து போகுமாம்.
பன்னிரண்டு வாரம் கழித்தும் இருந்தால்தான்
இருக்கிறது என்று அர்த்தமாம்.

பன்னிரண்டு வாரம்.
முதல் இரண்டும் அவ்வளவு தூரம்கூட வரவில்லை.
"நிக்கல" என்பார்கள் எங்கள் பக்கம்,
பஸ்ஸைச் சொல்வதுபோல.
பதினெட்டு வாரம் வந்தவனை
தர்மபுரி பெரியாஸ்பத்திரியில் துணியில் சுற்றித் தந்தார்கள்.
சென்னகேசவன் பைக்கை உதைத்து உதைத்துப் பார்த்தான்.
பிறகு தள்ளிக்கொண்டே நடந்தான்,
நான் பின்னால்.

பெட்டி தூக்கினாய் என்றார்கள்.
தூக்கியதே இல்லை, நான் எழுதுகிறவள்.
அமாவாசையில் ஏரிக்கரைப் பக்கம் போனாய் என்றார்கள்.
போனேன். பஸ் அப்படித்தான் போகும்.

"விசித்திரமான சாமான் அக்கா இது,"
லேபிளில் என் பெயரை எழுதியபடி ஷம்ஷாத் சொல்கிறாள்,
"குழாய்க்குள்ள உறைய மாட்டேன்னு அடம்பிடிக்கும்.
உடம்புக்குள்ளதான் உறையும்."
எனக்கு விசித்திரமாக இல்லை.
மண்டியில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்
முனிலட்சுமி கலகலப்பானவள் என்று.

இதையும் சொல்லிவிடுகிறேன்.
போன சனிக்கிழமை காட்டுவீர ஆஞ்சநேயருக்கு
மட்டைத் தேங்காய் கட்டினேன்.
என்ன வேண்டிக்கொண்டாய் என்று கேட்டான் அவன்.
"வழக்கம்போலத்தான்" என்றேன். பொய்.
இருக்கிறது என்றே வரட்டும்
என்றுதான் வேண்டினேன்.
இருந்தால்
தினம் வயிற்றில் ஓர் ஊசி, ஒரு சின்ன மாத்திரை,
பழி போட ஒரு பெயர்,
வாயில் நுழையாவிட்டாலும் பரவாயில்லை.
இல்லை என்று வந்துவிட்டால்
மூன்று பேருக்கும் நான் மட்டும்தான் காரணம்.
தெய்வத்திடம் போய் நோய் கேட்டவள்
என்னைத் தவிர யாராவது உண்டா?

குழாயை இரண்டு தடவை சுழற்றி
மேலே தெளியும் மஞ்சளை மட்டும் எடுத்து உறையவைத்து
தெர்மாகோல் பெட்டியில் டேப் ஒட்டி
மூன்று மணி பெங்களூர் பஸ்ஸில் ஏற்றுவார்கள்.
சூளகிரி, ஓசூர், அத்திப்பள்ளி.
கண்டக்டர் அதை
எஞ்சின் பக்கத்தில் வைக்காமல் இருக்க வேண்டும்.

"அஞ்சு நிமிஷம் பஞ்சை அழுத்திப் பிடிங்க" என்றாள்.
ராயக்கோட்டை பஸ்ஸில் ஏறி
டிக்கெட் வாங்கும் வரைக்கும் பிடித்திருந்தேன்.
பிறகு மெல்ல எடுத்துப் பார்த்தேன்.
நின்றிருந்தது.