இரண்டாவது பிரேக்

ரூசே நகரத்தில் பாதிப் பேருக்கு
வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் என் அப்பா.
இன்றும் மீன் கடையில், வங்கி வரிசையில்
யாராவது கையைப் பிடித்துக்கொள்வார்கள்:
லியூபென் மாஸ்டர் பெண்ணா நீ?
என்ன பொறுமை அந்த மனுஷனுக்கு!
மூன்று முறை சுவரில் இடித்தேன்,
ஒரு சொல் சொல்லவில்லையே.

நான் சிரித்துவைப்பேன்.
அந்தச் சொற்களெல்லாம் சாயங்காலம்
எங்கள் வீட்டுக்கு வந்துசேர்ந்தன என்று
எப்படிச் சொல்வது.
ஏழு மணிக்குச் சாவி திரும்பும்.
தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைப்பேன்.
அம்மா அடுப்பைப் பார்த்து நின்றுகொள்வாள்.
கணக்கு நோட்டைத் திறந்துவைப்பேன்,
எந்தப் பக்கமானாலும் சரி.
பகலெல்லாம் அடக்கியது ஒருநாள்
மிளகாய் விழுது ஜாடியாகச் சுவரில் உடைந்தது.
இரண்டு முறை வெள்ளையடித்தோம்.
கோடையில் அந்தச் சிவப்பு
மெல்ல மேலே வந்துவிடும்.

பதினெட்டு வயதில் என்னையும் ஓப்பலில் ஏற்றினார்.
ஒரே ஒரு பாடம்.
பாலத்துக்குப் போகும் சாலையில், லாரிகளுக்கு நடுவில்,
இன்ஜின் நின்றுவிட்டது.
அவர் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.
இறங்கினார், கதவைச் சாத்தினார்,
டான்யூப் பக்கமாக நடந்துபோனார்.
பின்னால் முப்பது ஹாரன்கள்.
ஸ்டீயரிங்கைப் பிடித்தபடியே
உட்கார்ந்த இடத்தில் மூத்திரம் போனேன்.
மோம்சிலிடம்கூட இதைச் சொன்னதில்லை,
பதினாறு வருடத் தாம்பத்தியத்தில்.

இனி என் கணக்கு.
அவருக்கு எழுபத்தொன்று. ஒரு கண்ணில் புரை,
மற்றதில் பிடிவாதம்.
முதலில் ஒரு நாய் அடிபட்டது,
பிறகு பள்ளிக்கூட வேலி.
போக்குவரத்து அலுவலகத்துக்குக் கடிதம் போட்டது நான்தான்.
பெயர் போடவில்லை.
இடது கையால் எழுதினேன்.
குழந்தைகள் நடமாடும் தெரு என்று எழுதினேன்.
உண்மைதான்.
அந்த உண்மையை எழுதும்போது
எனக்கு அவ்வளவு சந்தோஷம் இருந்திருக்கக் கூடாது.

உரிமம் போன மாதமே
ஓப்பலை ஒரு கோழிப்பண்ணைக்காரன் வாங்கிப்போனான்.
ஜன்னலில் நின்ற அப்பா
அவன் கிளட்சை விட்ட விதத்துக்கு முகம் சுளித்தார்.
அவ்வளவுதான்.

இன்னொன்றும் இருக்கிறது.
எங்கள் ஊரில் செத்தவர் படத்தை அச்சடித்து
வாசலில், மரத்தில், மின்கம்பத்தில் ஒட்டுவோம்.
அவர் உயிரோடு இருக்கும்போதே
அந்த வாசகத்தைக் கைப்பேசியில் எழுதிப் பார்த்திருக்கிறேன்,
பஸ்ஸில் போகும்போது, பலமுறை.
'அன்பான' என்று வர வேண்டிய இடத்தில்
கர்சர் துடித்துக்கொண்டே இருக்கும்.
ஓட்டுநர் பயிற்சியாளர், என்று முடித்துவிடுவேன்.

வியாழன்தோறும் கண் மருத்துவமனை.
பக்கத்து இருக்கையில் அவர், மடியில் தொப்பி.
மார்ச்சில் கண்ணாடியில் கட்டிய சிவப்பு வெள்ளை நூலை
ஜூன் வந்தும் அவிழ்க்கவில்லை.
ஒவ்வொரு திருப்பத்திலும் அவர் வலது கால்
என் வண்டியில் இல்லாத பிரேக்கை மிதிக்கும்.
என் ஓட்டலை அவமதிக்கிறார் என்று
ஒரு வருடமாகப் பல்லைக் கடித்தேன்.

போன வாரம் மழை.
சந்திலிருந்து சைக்கிளில் ஒரு பையன்.
நான் மிதிக்கும் முன்பே அவர் பாதம் தரையில் அறைந்தது,
கை என் மார்புக்குக் குறுக்கே வந்து
கம்பிபோல் நின்றது.
பையனை அவர் பார்த்திருக்க முடியாது.
நான் மூச்சை இழுத்ததைக்
கேட்டிருக்க வேண்டும்.

கையை எடுக்காமலே சொன்னார்:
ராத்கா, இடது கையால் எழுதினாலும்
உன் எழுத்து உன் எழுத்துதான்.
பிறகு: இரண்டாம் கியர் போடு.

பின்னால் ஹாரன் அடித்தார்கள்.
இந்த முறை யாரும் இறங்கவில்லை.

மருத்துவமனை வாசலில்
தொப்பியை வண்டியிலேயே விட்டுவிட்டார் என்று
அவரைப் பார்த்துக் கத்தினேன்.
காவலாளி தன் அறையில்
தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்தான்.