குமிழ்

வேலூரில் ஹீட்டர் ரிப்பேர் செய்கிறேன் என்றதும்
பெண் கொடுக்க வந்தவர்களே சிரித்துவிட்டார்கள்.
சித்திரையில் இங்கே
மாடித் தொட்டித் தண்ணீரில் அரிசி வேகும்.
ஆனால் ஆஸ்பத்திரியைச் சுற்றிய லாட்ஜுகளில்
விடியற்காலை ஐந்துக்கெல்லாம்
வெந்நீர் வந்தாக வேண்டும்.
ரத்தம் எடுக்கும் வரிசைக்குக் குளித்துவிட்டுப் போகிறவர்கள்
என் வண்டிக்கு பெட்ரோல் போடுகிறார்கள்.

தோட்டப்பாளையம், மூன்றாம் மாடி, முந்நூற்று நாலு.
மார்கழி கடைசி.
"ரெண்டு ஆளு வந்து பாத்துட்டுப் போயாச்சுப்பா,
இன்னும் சூடு இல்ல, சூடு இல்லன்னே சொல்றாங்க"
என்றார் தனகோட்டி, கல்லாவை விட்டு எழாமல்.

அறையில் பம்ப் ஸ்டவ், உருளைக்கிழங்கு,
கட்டிலடியில் எக்ஸ்ரே உறைகள்.
தீபேன் பர்மன், கூச்பிகார் என்று
ரிஜிஸ்டரில் இருந்த பெயர்
சட்டைப் பித்தானை ஒரு துளை தள்ளிப் போட்டுக்கொண்டு
கட்டிலில் உட்கார்ந்திருந்தது.
என் வங்காளம் மொத்தம் ஏழு சொல்.
அதில் இரண்டை அவர் சொன்னார்:
"கொரோம் நேய்."

சூடு இல்லை என்றால் வரிசையாகப் பார்க்க வேண்டும்.
சுவிட்சில் கரண்ட் வருகிறதா, வருகிறது.
டிரிப் ஆன பொத்தான், ஆகவில்லை.
காயில் இருபத்தாறு ஓம். சுத்தமான இருபத்தாறு.
கழற்றிப் பார்த்தேன், வழக்கமான உப்பு,
பாலாற்று போர் தண்ணீர் யாருக்கும் வைக்கிற பாக்கி.
ஸ்க்ரூ டிரைவரால் சுரண்டினால்
சுண்ணாம்புச் சுவர் மாதிரி உதிர்ந்தது.
அதற்காகத் தண்ணீர் சில்லிட்டுப் போகாது.

மாட்டி, நிரப்பி, அரைமணி நேரம் விட்டு
குழாயடியில் தெர்மாமீட்டரைப் பிடித்தேன்.
அறுபத்தெட்டு.
கோழி உரிக்கலாம்.

தடுப்பதற்குள் அவர் வந்து
கையை நீட்டிவிட்டார்.
நீட்டியபடியே நின்றார்.
என் வேலையைக் குறை சொல்ல நேர்ந்ததற்கு
வருத்தப்படுகிறவர் போல என்னைப் பார்த்தார்.
கை சிவந்தது. முகத்தில் ஒன்றும் இல்லை.
நான்தான் "ஆ" என்றேன்.
குழாயை மூடினேன்.

அப்போதுதான் கணுக்காலைப் பார்த்தேன்,
வேட்டி நனையாமல் தூக்கியிருந்ததால்.
காசளவு இரண்டு கொப்புளம்.

அவர் மனைவி ஷிப்ரா, கதவோரம்,
கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் சேர்த்துத் திருகிக் காட்டினாள்:
தினமும் கொஞ்சம், தினமும் கொஞ்சம்.
மற்ற கையால்
தொங்குகிற பாட்டிலும் சொட்டும் மருந்தும்.
இந்தத் தெருவில் எனக்குத் தெரியும்,
அந்த மருந்து ஏறியவர்கள்
சில்லறையைப் பொறுக்க முடியாமல் நிற்பார்கள்,
டீ கிளாஸ் கைநழுவி விழும்.
காயில் நன்றாக இருக்கிறது.
ஒயர் நன்றாக இருக்கிறது.
சூடு போய்ச் சேரவேண்டிய இடத்தில்
ஒயர் இல்லை.

இதைச் சொல்ல ஏழு சொல் போதாது.
குமிழை நாற்பதுக்குத் திருப்பினேன்.
ஷிப்ரா பதறி என் மணிக்கட்டைப் பிடித்தாள்.
நான் வாளியில் தண்ணீர் பிடித்து
முழங்கையை நனைத்துக் காட்டினேன்.
விளங்கவில்லை.
இன்னொரு முறை நனைத்து,
இல்லாத குழந்தையை மடியில் போட்டு
முதுகில் தண்ணீர் ஊற்றினேன்.
அவள் கொஞ்ச நேரம் அந்தக் குழந்தையைப் பார்த்தாள்.
பிறகு சேலையை விலக்கி
தன் முழங்கையை வாளிக்குள் வைத்தாள்.
கணவரிடம் ஏதோ நீளமாகச் சொன்னாள்.
அவர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

கொப்புளத்தை டாக்டரிடம் காட்டச் சொன்னேன்,
அதற்கும் கைதான்.
குமிழைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டேன்.

கீழே தனகோட்டி,
"ஒண்ணும் மாத்தலையே, எதுக்கு இருநூறு?"
"உப்பு எடுத்தேன்" என்றேன்.
நூற்றைம்பது தந்தார்.
பில்லில் கோளாறு என்ற கட்டத்தை
காலியாக விட்டேன்.

இரவு துவைக்கப் போட்ட சட்டையில்
கல்போல் ஏதோ தட்டியது.
முப்பதிலிருந்து எழுபத்தைந்துவரை
வெள்ளைக் கோடுகள்.
அறுபதுக்கு மேலே மட்டும்
விரல் பட்டுப் பட்டு அழிந்திருந்தது.