ஒற்றைக் கை

கிருஷ்ணகிரி டோல்கேட், ஏழாவது லேன்.
கண்ணாடிச் சன்னலில் பணம் வர ஒரு சந்து.
பணம் வருகிறதோ இல்லையோ
தை மாதம் அதன் வழியாகத்தான் வருகிறது.

வண்டி ஸ்டிக்கரை மெஷின் படித்துவிட்டால்
எனக்கு வேலையில்லை.
படிக்க முடியாத வண்டிக்குத்தான் நான்.
அப்படி இரண்டு வண்டிகளுக்கு நடுவே
மேசைக்கு அடியில், கேமரா எட்டாத மடியில்
குரோஷா ஊசி.

ஓசூர் பாகலூர் ரோட்டில் வாங்கிய உல்லன் உருண்டை,
நூற்றுத் தொண்ணூறு ரூபாய்.
நிறத்துக்கு ஒரு நூல் என்று மாற்றி முடிய வேண்டாம்.
சாயம் போடும்போதே கணக்குப் பார்த்து
இத்தனை முழம் மஞ்சள், இத்தனை முழம் பச்சை என்று
ஒரே இழைக்குள் வைத்துவிட்டார்கள்.
நான் சுற்றிச் சுற்றிக் கண்ணி போட்டால் போதும்,
பட்டை அதுவாக விழும்.
எப்போது மாறப்போகிறது என்று மட்டும்
என்னிடம் சொல்லாது.

விரல் நுனி திறந்த கையுறை.
சில்லறை எண்ண நுனி வேண்டுமே.
இடது கைக்கு மஞ்சளில் தொடங்கினேன்.
ராயக்கோட்டைத் தக்காளி நான்கு லாரி போவதற்குள் பச்சை.
கருங்கல் ஏற்றிய டிரெய்லர் ஒன்று
எடைக்காகச் சண்டை போட்டு நின்றதில்
நீலம் முழுசாக முடிந்தது.

மணிக்கட்டில் இரண்டு விரல் அகலத்துக்குப் பட்டை.
இதே நூலில் தங்கை மகனுக்குக் குல்லா போட்டபோது
பென்சில் கோடாக மெலிந்து கிடந்தது.
நூல் அதேதான். சுற்றளவு பெரிது.
என் சம்பளத்தையும் யாராவது
ஒரே ஒரு மணிக்கட்டில் சுற்றிப் பார்த்தால்
அகலமாகத்தான் தெரியும்.

வலது கையைத் தொடங்கும்போது
உருண்டை சாம்பலில் நின்றிருந்தது.
ஜோடி பொருந்த வேண்டுமென்றால்
மஞ்சள் திரும்பி வரும்வரை உருவ வேண்டும்.
உருவினேன்.
சாம்பல், செங்கல் நிறம்
மடியில் குவிந்து, காலைச் சுற்றி,
நாற்காலிச் சக்கரத்தில் மாட்டி,
இதோ மஞ்சள் என்ற இடத்தில்
ஒரு முடிச்சு.

கம்பெனி போட்ட முடிச்சு.
எங்கேயோ அறுந்ததற்குக்
கைக்கு அகப்பட்ட நுனியைக் கட்டி
உருண்டைக்குள் ஒளித்திருக்கிறார்கள்.
முடிச்சுக்கு அந்தப் பக்கம் பாதிப் பச்சை.
மஞ்சளுக்கு இன்னும் மூன்று நிறம் தாண்ட வேண்டும்.

அந்த நேரம் பார்த்து ஓர் ஆந்திரா பஸ்.
ஸ்டிக்கரில் காசில்லை. டபுள் என்றேன்.
டிரைவர் தெலுங்கில் திட்டினார்.
எங்கள் தெருவில் பாதிப்பேர் பேசுவது தெலுங்கு.
புரிந்தது என்று காட்டிக்கொள்ளவில்லை.
ரசீதை அவர் பிடுங்கிய வேகத்தில்
என் விரலில் கிடந்த நூலும் கூடப் போனது.
ஷட்டரை இழுத்து மூடினார், நூல் உள்ளே.
பஸ் நகர்ந்தது.

உருண்டை மடியில் குதித்தது. கத்தினேன்.
நீலம் போனது. சாம்பல் போனது. செங்கல் போனது.
நான் காத்திருந்த மஞ்சள்
முழு நீளத்துக்கும் சன்னலைத் தாண்டி
பெங்களூர் பக்கமாகப் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெளியே ஸ்கேனரோடு நின்ற திம்மராயன்
பூட்ஸ் காலால் மிதித்தான்.
அறுந்து நின்றது பச்சையில்.

மிஞ்சியதை முழங்கையில் சுற்றிக்கொண்டு வந்தான்.
"பமீதாக்கா, எனக்கும் ஒண்ணு போடுங்க."
"இனிமே ஜோடி சேராதுப்பா."
"ஒண்ணேதான் கேட்டேன்.
மெஷின் பிடிக்கிற கைதான் விறைக்குது.
இன்னொண்ணு ராத்திரி பூரா பாக்கெட்லதானே இருக்கு."

ஒற்றைக்கு எந்த நிறத்தில் தொடங்கினால் என்ன?
பச்சையிலேயே தொடங்கினேன்.
அந்த முடிச்சையும் வெட்டாமல் உள்ளே வைத்துப் பின்னினேன்,
அவன் சுண்டுவிரல் பக்கமாக.

மறுநாள் ராத்திரி
பனியில் அந்தப் பட்டைக் கை எழும்போதெல்லாம்
லாரிகள் வேகம் குறைத்தன.
புது ரூல் என்று நினைத்திருப்பார்கள்.
ஹாரன் இல்லை. கெட்ட வார்த்தையும் குறைவு.

நான்காம் நாள் சூப்பர்வைசர்
என் பூத் கதவைத் தட்டினார்.
ஊசியை ஒளிக்க நேரமில்லை.
"எட்டாவது லேனுக்கும் ஒண்ணு வேணும்" என்றார்.

கையை நீட்டச் சொன்னேன், அளவுக்கு.