மூன்றடி விட்டு

சுண்ணாம்புத் தூளை அள்ளி
வீட்டின் தெற்குச் சுவரோரம் கோடு போட்டேன்.
ஒன்பதடி அகலம், பதினேழடி நீளம்.
கூரை இல்லை, சுவர் இல்லை.
ஆனாலும் ஆல்ட்டோவை உள்ளே விடுகையில்
பக்கக் கண்ணாடியை மடக்கினேன்.

கொத்தனார் கூலி விசாரித்தாயிற்று. ஆகாது.
தூக்குநூல் பிடிக்கவும் கலவை போடவும்
அடுத்த விளையில் வீடு எழும்பும்போது
நின்று பார்த்துப் படித்தேன்.
கோழிக்கூடு என் கைவேலைதான்,
மூன்று இடவப்பாதி தாங்கிவிட்டது.
ஒரு மூலை கோணல்.
கோழிகள் புகார் சொன்னதில்லை.

அனுமதியைத்தான் நானே கட்ட முடியாது.

கருங்கல் பேரூராட்சியில், மேசைக்கு அந்தப் பக்கம்
அபிஷா என்றொரு பெண்.
"வரைபடம் யார் போட்டது?"
"நான்."
மகளின் கணக்கு நோட்டிலிருந்து கிழித்த கட்டத்தாள்.
அவள் சிரிக்கவில்லை.
பொறியாளர் கையெழுத்து, பட்டா, வரி ரசீது,
பத்திர நகல், எல்லாம் மூன்று பிரதி என்று
பென்சிலால் தாளின் ஓரத்தில் எழுதிக் கொடுத்தாள்.

பத்திரம் மலையாளத்தில் இருந்தது.
தக்கலையில் ஒருவர் இருநூறு ரூபாய்க்குப் பெயர்த்தார்:
தெற்கு எல்லை, அயனி மரம்.

சர்வேயர் வந்து அயனியைத் தேடினார்.
"அது இப்போ எங்க அடுக்களைக் கதவு, சார்."
அவர் கதவைத் தட்டிப் பார்த்தார்.
"அப்போ தினமும் எல்லையைத்
திறந்து மூடிட்டிருக்கீங்க."

கல் நட்டபோது
எங்கள் மண் ஒன்றரை அடி குறைந்திருந்தது.
வேலிக்கு அப்பால் ஸ்டெல்லஸ் பல் துலக்கிக்கொண்டிருந்தார்.
அன்றைக்கு ரொம்ப நேரம் துலக்கினார்.

எல்லையிலிருந்து மூன்றடி விட வேண்டும்.
விட்டால் மிச்சம் ஏழரை.
பழைய கோட்டை மழை அழித்திருந்தது,
புதிதாகக் கயிறு கட்டினேன்.
வண்டியை உள்ளே விட்டு
சைலஸ் பக்கத்துக் கதவைத் திறந்தேன்.
பாதியில் கயிறு தடுத்தது.

இந்த ஷெட்டே அவனுக்காகத்தான்.
ரப்பர் ஷீட் ஏற்றிய லாரியிலிருந்து விழுந்த இடுப்பு,
ஈரத் தரையில் ஊன்றுகோல் வழுக்குகிறது.
வண்டியிலிருந்து அடுக்களைக்கு
ஆறு காலடி நனையாமல் போக வேண்டும்.
அவ்வளவுதான் கேட்டேன் அரசாங்கத்திடம்.
அதை எழுத மனுவில் கட்டம் இல்லை.

ஸ்டெல்லஸ் சம்மதக் கடிதம் தருவதாகச் சொன்னார்,
அன்றைய பல் துலக்கலுக்குப் பரிகாரம் போல.
அபிஷா தலையசைத்தாள்:
"அவர் சம்மதிக்கலாம் அக்கா. மூன்றடி சம்மதிக்காது."

நான்கு நாள் தாளைத் திருப்பித் திருப்பி வைத்தேன்.
சுவரை மெலிதாக்கினேன், அரைச் செங்கல்.
காரை விற்று ஆட்டோ வாங்கலாமா என்று
இரவு ஒரு மணிக்குக் கணக்குப் போட்டேன்.
சைலஸ்தான் தூக்கத்தில் புரண்டு
சுவர்ப் பக்கமிருந்து என் பக்கம் திரும்பினான்.

எழுந்து போய் டார்ச் அடித்து
வண்டியை ரிவர்ஸில் உள்ளே விட்டேன்.

முகம் ரோட்டுக்கு வந்தது.
அவன் இருக்கை வீட்டுப் பக்கம் வந்தது.
அவன் கதவைத் திறந்தால்
அது அயனிக் கதவின் நிலைக்குள்ளேயே நுழைகிறது.
ஒரு கால் வண்டியில், மறு கால் அடுக்களையில்.
நாய் குரைத்தது. ஸ்டெல்லஸ் வீட்டில் விளக்கு எரிந்தது.

"இந்த அம்புக்குறி எதுக்கு?" என்றாள் அபிஷா.
"வண்டி பின்னால வரும்."
"அதை யாரும் கேக்கல்லியே."
"தெரியும். இருக்கட்டும்."
அம்புக்குறியின் மேலேயே முத்திரை விழுந்தது.

தாளைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு வந்தேன்.
அஸ்திவாரம் திங்கட்கிழமை.
கருங்கலைத் தாண்டும்போதே மழை பிடித்துக்கொண்டது.
பின்னோக்கி, மெதுவாக, கயிறுகளுக்கு நடுவே நிறுத்தினேன்.
சைலஸ் கதவைத் திறந்து, காலை வைத்து,
உள்ளே நின்று "கொள்ளாம்" என்றான், தலை நனைந்து.
கூரைக்கு இன்னும் காசு சேரவில்லை.

என் பக்கம் ஒரு சாண் இடம்.
வெட்டவெளி மழைதான்.
இருந்தும் நாளைய சுவரில் முட்டாமல்
ஒருக்களித்து இறங்கினேன்.