தழும்பு பார்த்தல்

மாசியில், பத்தரைக்கும் இரண்டுக்கும் நடுவே
பொகவந்தலாவையில் ஒரு வெயில் உண்டு.
அதை நம்பித்தான் இந்த ஞாயிறு
ஸ்கூட்டரைக் குவார்ட்டர்ஸ் வாசலில் நிறுத்தி
பழைய சேலைத் துண்டால் துடைக்கிறேன்.

துடைக்கத் துடைக்கக் கூடுகின்றன.
தள்ளி நின்றபோது சேறாயிருந்தவை
கிட்டப் போனால் சேறில்லை.
முன் மட்கார்டில் ஒன்பது,
விளக்குக்குக் கீழே நாலு,
கால் வைக்கும் இடத்தோரம்
எண்ணுவதை விட்டுவிட்டேன்.

கொழுந்து லொறி தெறித்த கல்.
மேற்கணக்குப் பாதையில்
தார் வருமென்று கொட்டி
தார் வராமலே கிடக்கிற சல்லி.
ஐந்து வருடம் கட்டி முடித்த வண்டி;
கடைசித் தவணைக்கு அடுத்த வாரம்தான்
இதன் மூஞ்சியையே நன்றாகப் பார்த்தேன்.

சீட்டுக்கடியில் ஒரு ஸ்டிக்கரில்
நிறத்துக்கு இலக்கம் இருக்கிறது.
எழுதிக்கொண்டு ஹட்டனுக்குப் போனேன்.
நஸ்லிம் நானா இலக்கத்தைப் பார்க்கவில்லை,
கடைக்கு வெளியே வந்து வண்டியைப் பார்த்தார்.
"இது இப்ப அந்த நீலம் இல்ல மிஸ்.
மழை குடிச்ச நீலம்.
புதுசு வச்சா புதுசாத்தான் நிக்கும்."
என்றாலும் இருமல் மருந்துப் போத்தலில் கால்வாசி ஊற்றி
வோட்டர் பேப்பர் ஒன்றை மடித்துக் கொடுத்தார்.
"கறள மட்டும் சுரண்டாதீங்க.
சுத்தி நல்ல இடத்தையும் கொஞ்சம் எடுக்கணும்."

நல்ல இடத்தையும் கொஞ்சம்.
அதற்குத்தான் கை வரவில்லை.
அரிசியளவு காயத்தைப்
பயறளவு ஆக்கவேண்டியிருக்கிறது.
நீலம் போய், சாம்பல் போய்,
அதற்கும் கீழே
பச்சையுடம்பாகத் தகரம்.
பையைத் திறந்து பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்துத் துடைத்தேன்.
பஞ்சு அரசாங்கத்துடையது. ஸ்பிரிட்டும்.
ஒரு சொட்டு. கணக்கில் எழுதமாட்டேன்.

மற்றக் கல்லெல்லாம் யார் கண்டது?
வலப்பக்கத்தில் நகமகலம் ஒன்று,
அது மட்டும் தெரியும்.
வைகாசி மழை, ராத்திரி,
கீழ்க்கணக்குக் கடைசி லயம்.
எம்புலன்ஸ் பாலத்துக்கு அந்தப்பக்கம் நின்றுவிட்டது.
பத்மராணியைப் பின்னால் ஏற்றி,
அவளைப் பிடித்துக்கொள்ள அவள் புருஷனையும் ஏற்றி.
பொலிஸ் கண்டால் மூன்று பேர் என்றிருக்கும்.
நாலு பேர்.
வளைவில் சரிந்து கல்மேட்டில் உரசியபோது
அவள் கத்தவில்லை.
நான்தான் கத்தினேன்.

பிள்ளைக்கு இப்போது ஒன்பது மாதம்,
ஏழு கிலோ எண்ணூறு.
இடது புயத்தில் ஊசித் தழும்பு சரியாக விழுந்திருக்கிறது,
நான்தான் பார்த்துப் புத்தகத்தில் குறித்தேன்.
தழும்பு விழாவிட்டால்தான் எங்களுக்குக் கவலை.

பல்லுக்குச்சி முனையில் ஒரு துளி.
இழுக்கக்கூடாது, வைக்கவேண்டும்.
காயவிட்டு இன்னொன்று,
மறுபடி காயவிட்டு இன்னொன்று.
மூன்றாவது வைக்கும்போது மணி ஒன்று;
பேசிவைத்த நேரத்துக்கு முன்னமே
மலையிலிருந்து பனி இறங்கிவிட்டது.
ஈரப் பெயின்ட் பால் பூத்து வெளுத்தது.
பக்கத்துக் குவார்ட்டர்ஸ் ஜெனிட்டா டீச்சர்
ஜன்னல் வழியாக வயரை நீட்டி
ஹெயார் டிரையரைக் கையில் தந்து,
"என் தலைக்கே இவ்வளவு நேரம் பிடிச்சதில்ல" என்றார்.

திங்கட்கிழமை, பிள்ளைக்காம்பராவில் நிறை பார்க்கும் நாள்.
நானா சொன்னது சரி.
மங்கிய நீலத்தில் பளிச்சென்ற நீலம்,
புள்ளி புள்ளியாக.
முதலில் கண்டவன் டிலுக்ஷன்.
"மிஸ்! வண்டிக்கு அம்மை போட்டிருக்கு!"
எல்லாம் இரண்டடி பின்வாங்கின.
கவிஷ்கா மட்டும் கிட்ட வந்து
புறங்கையை மட்கார்டில் வைத்துப் பார்த்தாள்,
அவள் அம்மா அவளுக்கு வைப்பதுபோல.
"காய்ச்சல் இல்ல," என்றாள்.

நான் தராசை உத்தரத்துக் கொக்கியில் மாட்டினேன்.
வெளியே கொழுந்து லொறி ஏறிப்போனது.
டிங் என்று ஒரு சத்தம்.
எங்கே பட்டதென்று
போய்ப் பார்க்கவில்லை.
முதல் பிள்ளையைத் தூக்கித் தொட்டிலில் வைத்தேன்,
அது உதைத்துக்கொண்டிருந்தது,
முள் நிற்கவேயில்லை.