இருபத்து மூன்றாவது டேக்

மே மாதம். சத்துவாச்சாரி. மாடி வீடு.
மைக்கில் கடகடவென்று விழுகிறதாம்,
ஃபேனை நிறுத்தச் சொல்லிவிட்டாள் பெரியவள்.
ஜன்னலையும் சாத்தியாச்சு.

படம் ஆறே நிமிஷம்.
அவளே வரைந்தாள், அவளே அசைத்தாள்.
வேலூர்க் கோட்டையில் ஒரு ராஜா.
"நான்" என்று சொல்லும்போதெல்லாம்
ஒரு விரற்கடை குள்ளமாவான்.
அது தெரியாமல்
மலையைக் குனியச் சொல்வான்,
பாலாற்றை எழுந்து வரச் சொல்வான்,
அகழி முதலைக்கு வரி போடுவான்.
கடைசியில்
இலவம்பாடிக் கத்திரிக்காய்க் கூடைக்குள்
காம்பு முள் குத்திக்கொண்டு
கட்டைவிரல் உயரத்தில் உட்கார்ந்திருப்பான்.
கிரீடம் மட்டும் பழைய அளவு.
அதற்குள்தான் குடித்தனம்.

ராஜாவுக்குக் குரல்
எங்கள் வீட்டு எத்திராஜுலு.
பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பர்.
அவர் விசில் ஊதாமல்
ஆரணி வண்டி நகராது,
திருப்பத்தூர் வண்டி உறுமக்கூட உறுமாது.
வீட்டிலும் அப்படித்தான்.
மீனில் நடுத்துண்டு,
பேப்பரில் மடிப்புக் கலையாத முதல் பக்கம்,
ஃபேனுக்கு நேர் கீழே நாற்காலி.

முதல் ஐந்து நிமிஷ வசனமும்
ஒரே மூச்சு. ஒத்திகைகூட இல்லை.
"யாரடா அங்கே!" என்றதும்
கீழ்வீட்டுப் பையன்
மூச்சிரைக்க மேலே வந்து நின்றான்.

ஒரு வரிதான் பாக்கி.
கத்திரிக்காயைப் பார்த்து ராஜா சொல்ல வேண்டும்:
"தப்பு என்மேலதான். மன்னிச்சுக்கோ."
கத்திரிக்காய்க்குக் குரல் நான்.

முதல் டேக்கில் இருமல்.
நாலாவதில் "தப்பு நம்மமேல."
ஏழாவதில் "தப்பு நடந்திருக்கலாம்",
இலாகா விசாரணைக்கு எழுதிக் கொடுக்கிற மாதிரி.
பதினொன்றில்,
"ராஜா எதுக்கும்மா கத்திரிக்காய்கிட்ட...
குழம்புல போட்டா கதை முடிஞ்சுது."

சின்னவன் சட்டையைக் கழற்றி எறிந்தான்.
வெயில் மொட்டைமாடியில் ஏறி நின்று
எங்களை இட்லியாக அவித்தது.
அவர் மூக்கு நுனி வேர்வை சொட்டி
தாளில் "மன்னிச்சு" கலைந்துபோனது.
"சொல்லித் தொலைங்கப்பா, ஃபேன் போடணும்!"

இருபத்து மூன்றாவதில்
மைக்கை விட்டுத் திரும்பி
என்னைப் பார்த்துச் சொன்னார்.
பாதிதான் கேட்டது.

எனக்கும் தாளில் ஒரு வரி இருந்தது:
"சரி ராஜாவே, என் தோளில் ஏறிக்கொள்."
வாயில் வந்தது,
"மோர் தரட்டுமா?"

கட் சொல்ல மறந்துவிட்டாள் பெரியவள்.

அவரே எழுந்து
ஃபேனைப் போடப் போனார்.
முதல் சுவிட்சுக்கு ட்யூப்லைட் எரிந்தது.
இரண்டாவதுக்குச் சாமி விளக்கு.
மூன்றாவதுக்கு ஒன்றுமே இல்லை.
பதினாலு வருஷமாக
இந்த வீட்டில்தான் இருக்கிறார்.

"எதுடி ஃபேனு?"

நான் சொல்லவில்லை.
இன்னும் ரெண்டு சுவிட்ச் பாக்கி இருந்தது.