இருபத்துமூன்றின் முதுகு

எழுபத்தொன்பதில் வந்த தொடர், மொத்தம் நாற்பது அட்டை.
கொங்குமணி பனியன் வாங்கினால் பெட்டிக்குள் ஒன்று.
இருபத்துமூன்றுக்கும் இருபத்துநான்குக்கும்
அச்சகத்தில் முதுகு மாறிப்போனது;
அதனால்தான் விலை.

முன்பக்கம் கருணாம்பிகை, இரட்டைச் சடை.
திருப்பினால்,
"குண்டு எறிதல். எடை தொண்ணூற்றுநான்கு கிலோ.
காலையில் எட்டு முட்டை."
சென்னியப்பனின் மீசைக்குப் பின்னால்,
"எண்ணூறு மீட்டர். இரண்டு நிமிடம் பதினேழு வினாடி.
வெறுங்காலில் ஓடுவார்.
கோட்டைத் தாண்டியதும் மணி கேட்பார்:
பெருமாநல்லூருக்குக் கடைசி பஸ் ஆறேமுக்கால்."

ஞாயிற்றுக்கிழமை. திருப்பூர் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால்
தார்ப்பாய் விரித்திருந்தேன்.
கட்டைவிரலில் கத்தரிக்கோல் காய்ப்போடு
ஒரு அம்மா குனிந்தார்.
தன் முகத்தை எடுக்கவில்லை,
மீசைக்காரரை எடுத்தார். திருப்பினார்.
கண்ணாடி இல்லாமல், கையை நீட்டிப் பிடித்து,
உதடு அசையப் படித்தார்.

"ரெண்டாயிரமுங்க. அச்சுப்பிழை, கிடைக்காது."

"பிழைதானுங்க.
பதினேழுன்னு போட்டிருக்கான்.
பதினாறு. ஈரோட்டுல,
மழை பேஞ்சு சொதசொதன்னு கெடந்த தரையில."

என் சட்டைப்பையிலிருந்து பேனாவை உருவி
ஏழு என்பதை அடித்து ஆறு எழுதினார்.

"அம்மா, விலையே போச்சுங்களே."

"எனக்கெதுக்குங்க விலை.
இப்பச் சரியா இருக்குது, வெச்சுக்கங்க."

போய்விட்டார், பேனாவோடு.

எட்டு முட்டையைச் சரிபார்க்கச்
சென்னியப்பன் வந்தாலும் வரலாம்.
வேறு பேனா வாங்கி வைத்திருக்கிறேன்.